வாசகர் கேள்வி – பதில்: புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் நோய் மிகுதியா?

கேள்வி: எங்கள் தன்னார்வக் குழு வீடு வீடாகச் சென்று, வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டவர்களைக் கைபேசி வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்து வருகிறது. புள்ளிகள் நெருங்கியிருக்கும் தெருக்களில் மட்டும் நலவாழ்வுப் பிரசாரம் செய்தால் போதுமா?

பதில்: போதாது. 400 பேர் வசிக்கும் தெருவில் 8 புள்ளிகளும், 50 பேர் வசிக்கும் தெருவில் 4 புள்ளிகளும் இருந்தால், கண்ணுக்கு முதல் தெருவே மோசமாகத் தெரியும். ஆனால் அங்கே பாதிப்பு நூற்றுக்கு 2 பேர், இரண்டாவது தெருவிலோ நூற்றுக்கு 8 பேர். ஆகவே ஒவ்வொரு தெருவின் மக்கள்தொகையையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். புள்ளியே இல்லாத பகுதி நோயில்லாத பகுதியா, அல்லது உங்களில் எவரும் போய் விசாரிக்காத பகுதியா என்பதையும் வேறு வேறு நிறங்களில் காட்டுங்கள். பெரும்பாலும் மிகவும் புறக்கணிக்கப்பட்டவர்கள் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறார்கள்.

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ செய்த ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றி மரணங்கள் குவிந்திருப்பதைக் காட்டும் அவருடைய வரைபடம் புகழ்பெற்றது. ஆனால் செப்டம்பர் 8 அன்று அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்ட பிறகே அந்த வரைபடம் வெளிவந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வீடுகளில் கேட்டறிந்ததே முதலில் நடந்தது. குழாய்க்கு அருகிலேயே இருந்த பீர் தயாரிக்கும் ஆலையின் தொழிலாளர்கள் அந்த நீரைக் குடிக்காததால் தப்பியதும், தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் வசித்த மூதாட்டி ஒருவர் அதே குழாயின் நீரை வரவழைத்துக் குடித்து இறந்ததும், அந்தக் குழாயின் நீராலேயே காலரா பரவியது என்பதற்கு, புள்ளிகளின் நெருக்கத்தைவிட வலுவான சான்றுகளாக அமைந்தன. நீங்களும் நோயாளிகளை மட்டுமன்றி, குடிநீர் எடுக்கும் இடம், கழிப்பிடம், மருத்துவ நிலையம் ஆகியவற்றையும் குறியுங்கள். தொலைவை நேர்கோட்டில் அளக்காமல் நடந்து செல்லும் நேரத்தால் அளவிடுங்கள். பாலமில்லாத ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மருத்துவ நிலையம் வரைபடத்தில் மட்டுமே அருகில் இருக்கிறது.

கேள்வி: பெயர்களை நீக்கிவிட்டால் வரைபடத்தைப் பொதுவில் வெளியிடலாமா?

பதில்: கூடாது. வீட்டின் மேல் விழும் புள்ளியே பெயர் சொல்லிவிடும். காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றில் அது ஒரு குடும்பத்தையே ஒதுக்கிவைக்கக் காரணமாகிவிடும் என்பதால், இதில் சிறிதும் தளர்வு காட்ட வேண்டாம். வெளியிடும் படத்தில் புள்ளிகளை விடுத்து, பல தெருக்களைச் சேர்த்த பகுதி வாரியான விகிதங்களை மட்டும் காட்டுங்கள். ஒரு பகுதியில் ஓரிருவரே பாதிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணையும் மறைத்துவிடுங்கள். மூல விவரங்கள் பொறுப்பான சிலரிடம் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

பதில்: கட்டணமில்லாத கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் வரைபட மென்பொருள் உங்கள் பணிக்குப் போதும். அடிப்படை வரைபடத்தை, 2004-இல் தொடங்கிய, எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து (OpenStreetMap) பெறலாம். அதில் விடுபட்டிருக்கும் பாதைகளையும் கிணறுகளையும் நீங்களே சேர்க்கலாம். ஆனால் அது எவரும் பார்க்கக்கூடிய பொதுத் தளம் என்பதால் நோயாளிகள் பற்றிய எந்த விவரத்தையும் அதில் பதிவேற்றக் கூடாது. முதல் வரைவு தயாரானதும் பெரிய தாளில் அச்சிட்டு, அப்பகுதி மக்களின் முன் விரித்து, எது விடுபட்டிருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.