கேளுங்க, அண்ணன் சொல்றேன்: திதி வைக்கத் தேதி இல்ல

கேள்வி: அண்ணே, எங்கம்மாவோட சித்தப்பாவ சப்பான் காலத்துல, சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல ஜப்பான்காரங்க போட்ட சயாம் ரயில் வேலைக்கு புடிச்சிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்ல. இப்ப என் மகளுக்கு ஜப்பான்ல படிக்க இடம் கெடச்சிருக்கு, அம்மா முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. கோயில்ல பேச வந்த ஒருத்தர், இப்பல்லாம் தண்டனைய விட ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ், அதாவது ஒடஞ்சத சீராக்கற நீதிதான் பெருசு, மன்னிச்சிடணும்ங்கறார். அப்படின்னா மன்னிக்கறதுதானா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்ல தங்கச்சி. அந்த நீதியில செஞ்சவன் மொதல்ல செஞ்சத ஒத்துக்கணும், பாதிக்கப்பட்டவங்க கேக்கறதுக்கு நேருக்கு நேரா பதில் சொல்லணும், முடிஞ்சத சரி பண்ணணும். மன்னிப்பெல்லாம் அதுக்கப்புறம், அதுவும் அவங்க இஷ்டம். நம்ம கதையில இதுல எது நடந்துச்சு? ரயில் கொடுமைக்காக போருக்கப்புறம் ஜப்பான் பட்டாளத்து ஆளுங்க 111 பேர விசாரிச்சு 32 பேருக்கு மரண தண்டனை கொடுத்தாங்க, பெரும்பாலும் ரயில் போட வச்ச வெள்ளைக்காரப் போர்க் கைதிங்க பட்டத வச்சுத்தான். 1967ல ஜப்பான் நம்ம மலேசிய அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டு, 2.5 கோடி வெள்ளிக்கு கப்பலும் சரக்கும் கொடுத்து கணக்க முடிச்சாச்சு. தோட்டத்து லயத்துல யாரையும் கூப்பிட்டுக் கேக்கல.

எங்க தோட்டத்துல திரை கட்டி ஓசிப் படம் போட்டா பாட்டி என்னைய விடவே மாட்டாங்க, தெரியாம போனா பாதிப் படத்துல வந்து காதப் புடிச்சு இழுத்துட்டுப் போவாங்க, எனக்கு ஒரே அவமானமா இருக்கும். பெருசானப்புறம்தான் தெரிஞ்சுது, ஓசிப் படம்னு கூப்பிட்டு கதவ சாத்தி லாரியில ஏத்திட்டாங்கன்னு அவங்க காலத்து ஆளுங்க எல்லாருமே சொல்லுவாங்க. பாட்டியோட அக்கா புருஷன் அப்படிப் போனவர்தான். அந்தம்மா சாகற வரைக்கும் தாலிய கழட்டல, ஆடி அமாவாசைக்கு படையல் போடவும் விடல, செத்த தேதி சொல்லு அப்புறம் திதி வைக்கலாம்பாங்க. தாய்லாந்துல ரயில் போன காஞ்சனபுரிக்குப் போனீங்கன்னா பாருங்க, போர்க் கைதிங்க கிட்டத்தட்ட 7,000 பேருக்கு வரிசையா கல்லு, புல்லு கூட ஒரே அளவுல வெட்டியிருக்கும். 90,000 ஆசியத் தொழிலாளிங்க செத்திருப்பாங்கன்னு ஒரு கணக்கு இருக்கு, அதுல நம்ம தோட்டத்து ஆளுங்க எத்தன பேரு, ஒருத்தருக்கும் அந்த மாதிரி பேர் போட்ட கல்லு இல்ல.

எரிக் லோமாக்ஸ்னு ஒரு கைதி, தன்னைய அடிச்சு விசாரிச்சப்ப மொழிபெயர்த்த நாகாசேய 1993ல அதே காஞ்சனபுரியில பாத்து, பின்னாடி மன்னிச்சார். நாகாசே வந்து தப்புன்னு நின்னார், அதனால முடிஞ்சுது. உங்கம்மாகிட்ட யாரு வந்து நின்னா? கொலம்பியாவுல 2016ல கெரில்லாக்காரங்களோட போட்ட சமாதான ஒப்பந்தத்துக்கு ஓட்டு வச்சப்ப நாடு பூரா சேத்து மயிரிழையில தோத்துச்சு, ஆனா 2002ல தேவாலயத்துல ஒளிஞ்சிருந்த சனம் அந்த கெரில்லாக்காரங்க போட்ட குண்டு விழுந்து செத்த பொஹாயா ஊருல 95 சதவீதத்துக்கு மேல ஆதரவு. ஒரு வருஷம் முந்தி கெரில்லாக்காரங்களே அந்த ஊருக்கு வந்து மன்னிப்புக் கேட்டிருந்தாங்க. இலங்கை வன்னியில, போர்ல காணாமப் போன புள்ளைங்களோட அம்மாமார் 2017லேருந்து ரோட்டோரம் உக்காந்து நட்டஈடு வேணாம் புள்ள எங்கன்னு கேக்கறாங்களே, அதுவும் பிடிவாதம் இல்ல.

மகள அனுப்புங்க. அம்மாகிட்ட மன்னிங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தச் சித்தப்பா பேரு, எந்தத் தோட்டம், எந்த மாசம் லாரி வந்துச்சு, பேத்தியே பாட்டி பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதிக்கட்டும்.

கேள்வி: ஜப்பான் காருல எல்லாரும் போறோம், மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கோட சாம்பல் 2019ல ஊருக்கு வந்ததுக்கு மட்டும் ஏன் அவ்ளோ கூச்சல்?
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: ஜப்பான்காரன் வெளிநாட்டான், போயிட்டான். இது அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்ட்டுக்கும் வீட்டுக்குள்ள நடந்த சண்டை, 1989ல தாய்லாந்து ஹாட்யாய்ல கையெழுத்துப் போட்டு முடிஞ்சும், போலீஸ்லயும் பட்டாளத்துலயும் அப்பாவ இழந்த குடும்பங்களயும் சரி, கம்யூனிஸ்ட்டுக்கு உதவிடக் கூடாதுன்னு புதுக் கிராமங்கள்ல முள்வேலிக்குள்ள அடைபட்ட சனத்தயும் சரி, ஒக்கார வச்சு யாரும் கேக்கல. கேக்காத கோவம் சாம்பல் மேல பாயுது. மனுசன் உசுரோட இருந்தப்ப ஊருக்கு வரேன்னு கோர்ட்டுக்குப் போனார், பிறப்புப் பத்திரம் காட்டுன்னாங்க. லயத்துல பொறந்தும் குடியுரிமை இல்லாம சிவப்பு ஐசியோட அலையற நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பதில் ரொம்பப் பழக்கம்.