பணத்தையும் கட்டாதீர்கள், அவள் கையையும் கட்டாதீர்கள்

சென்ற வாரம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், பேசுவதற்கென்றே தாய்மாமா. பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'கையை அதிகம் ஆட்டுகிறாள்' என்று மதிப்பெண் குறைக்கப்பட்டு மூன்றாம் பரிசோடு திரும்பிய பெண் அவள். ஒன்றரை ஏக்கரை அடமானம் வைத்து, நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க வேண்டும் என்பது மாமாவின் திட்டம். அதற்கு முன் நான்கு மாத மேடைப்பேச்சுப் பயிற்சி, கட்டணம் 45,000 ரூபாய். "நேர்முகத் தேர்வில் இப்படிக் கையை ஆட்டினால் யார் சார் வேலை கொடுப்பார்கள்?" என்றார்.

பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாளை அவர் நீட்டியதும் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன். 'பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, உடல்மொழியின் பங்கு 55' என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு குரலில் ஒலிக்கவிட்டு, முகத்தின் புகைப்படத்தைக் காட்டி, பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்ட சோதனைகள். உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லா மேடைக்கும் அது சரி என்றால், வானொலியில் செய்தி கேட்டே உலகம் அறிந்த நம் தாத்தாக்களுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. இந்தத் தாளை நம்பி 45,000 கட்டுவதற்கு நான் ஒப்ப மாட்டேன்.

பொறியியலைப் பற்றியும் செவிலியர் படிப்பைப் பற்றியும் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். இந்தப் பெண்ணின் கை ஏன் இப்படி அசைகிறது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கூடவே வளர்ந்த சின்னம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். எட்டு வயதிலிருந்து வங்கியிலும் ரேஷன் கடையிலும் சின்னம்மாவுக்காகப் பேசியவள் இவள்தான்.

ஆகவே ஐயா, இந்தியச் சைகை மொழிபெயர்ப்பு என்ற பட்டயப் படிப்பைப் பாருங்கள். பிறர் பேசுவதைக் காது கேளாதோருக்குச் சைகையிலும், அவர்கள் சைகையைப் பேச்சிலும் மாற்றிச் சொல்லும் வேலை அது. பிளஸ் டூ முடித்த, காது கேட்கும் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு. மாற்றுத்திறனாளிகள் துறைப் படிப்புகளை முறைப்படுத்தும் இந்திய மறுவாழ்வுக் குழுவின் அங்கீகாரம் உண்டு. டெல்லியில் இதற்கென்றே தேசிய அளவிலான ஆய்வு, பயிற்சி மையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பேச்சு, செவித்திறன் தேசிய நிறுவனமும், கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனமும் இத்துறையில் பயிற்சி தருபவை. மதிப்பெண் நிபந்தனை, கட்டணம், எத்தனை இடம் என்பதையெல்லாம் இந்த ஆண்டின் அறிவிப்பில் நேரடியாகப் பாருங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

இதைக் 'கை ஆட்டும் வேலை' என்று மாமா நினைக்கலாம். சைகை மொழியில் முகமும் இலக்கணம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் புருவம் உயர வேண்டும், தலை சற்று முன்னே சாய வேண்டும். இல்லாவிட்டால் கேள்வி வெறும் செய்தியாகிவிடும். 'எங்கே', 'யார்' போன்ற சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். தமிழிலிருந்து மாற்றுவதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. "தலைவர் நாளை வருவார் என்று நான் சொல்ல..." என்பது வரை கேட்டுக் கையைத் தூக்கிவிட்டால், அடுத்து "...வில்லை" என்று வந்து விழும். சில நொடி பின்தங்கி, கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்ததையும் கேட்டபடி கை பேச வேண்டும். மூளை களைத்துவிடும் என்பதால்தான் நீண்ட கூட்டங்களில் இருவர் அமர்ந்து, ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள். கைகள் தெளிவாகத் தெரிய, தோலின் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒற்றை நிற உடை அணிகிறார்கள். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. தன் கருத்தை இடையில் சேர்க்கவும் கூடாது. எல்லா மேடைப்பேச்சாளர்களிடமும் இந்த ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியுமா என்ன!

மகளே, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் நீயும் சின்னம்மாவும் உருவாக்கிக்கொண்ட சைகை வேறு, இந்தியச் சைகை மொழி வேறு. முதல் ஆறு மாதம் பழையதை மறக்கவே போராடுவாய்.

வேலை கிடைக்குமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைந்தோர் நாட்டில் 50 லட்சத்துக்கும் மேல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 2023இல் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். தேவை இருக்கிறது. ஆனால் நிரந்தர அரசுப் பணி என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஒப்பந்தப் பணியும் நாள்கணக்கு நிகழ்ச்சிகளுமாகத் தொடங்கும் தொழில் இது. அதனால் கூடவே தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டமும் படிக்கட்டும். அப்படியே இரண்டு ஆண்டில் இது சரிப்படாவிட்டாலும் நிலம் உங்களிடமே இருக்கும். அவளுக்கு மனம் ஒட்டாத நான்கு ஆண்டுப் படிப்பு பாதியில் நின்றால் வட்டி மட்டுமே மிஞ்சும்.

"ஊரில் கேட்டால் என்ன படிக்கிறாள் என்று சொல்வது?" என்றார் மாமா. அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது ஊரா என்று திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கோபம்தான். இருக்கட்டும்.

பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை எங்கும் முன்பணம் கட்டாதீர்கள். வரும்போது சின்னம்மாவையும் அழைத்து வாருங்கள். இவளுடைய மொழிபெயர்ப்பைப் பத்து ஆண்டாகப் பயன்படுத்தி வருபவர் அவர் ஒருவர்தான், அவரிடம் இதுவரை யாரும் கருத்துக் கேட்கவில்லை. அன்று மட்டும் மகள் மொழிபெயர்க்க வேண்டாம். அதற்கு நான் ஆள் ஏற்பாடு செய்கிறேன்.