நுகர்வோர் கேள்வி-பதில்: ஸ்வரம் கற்றுத்தரும் செயலிகள்

ஏழு நாள் இலவசம் என்று செவிப்பயிற்சிச் செயலி ஒன்றைப் போட்டேன். பிடிக்காமல் மூன்றாம் நாளே போனிலிருந்து நீக்கினேன். ஆனாலும் ஒரு வருடப் பணம் போய்விட்டது. - வாசகி, மன்னார்குடி

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. இதைப் பெரிய எழுத்தில் சொல்லாதது அவர்கள் குற்றம், உங்களுடையது அல்ல. ப்ளே ஸ்டோரின் சந்தா பகுதியில் உடனே ரத்து செய்யுங்கள். யூபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் அங்கேயே திருப்பிக் கேட்கலாம். தாண்டிவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யுங்கள். ரத்து செய்யும் வழியை மறைப்பது 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி தவறு. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் வங்கிக்கும் எழுதுங்கள்.

ப்ளூடூத் இயர்போனில் தாளப் பயிற்சி செய்தால் எப்போதும் தாமதம் என்றே காட்டுகிறது. செயலி மோசமா? - திருத்துறைப்பூண்டி

இல்லை, ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வருகிறது. வயர் உள்ள இயர்போன் வாங்குங்கள்.

மகள் வாய்ப்பாட்டில் கீதம் (ஆரம்பநிலைப் பாட்டு) வரை வந்துவிட்டாள். வெளிநாட்டுச் செவிப்பயிற்சி மென்பொருளை ஆண்டுச் சந்தாவில் வாங்கலாமா? - கும்பகோணம்

அவசரப்படாதீர்கள். இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை பியானோவை வைத்துச் செய்தவை. ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த மேல் ‘ஸ’ வரையிலான தூரத்தை, 12 சம பங்காக்கி, பங்குக்கு 100 சென்ட் (ஸ்வர இடைவெளியின் அளவு) என்று வைத்திருக்கிறார்கள். அதில் அந்தர காந்தாரம், அதாவது மேல் ‘க’, ‘ஸ’ என்னும் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட். தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியில் (கீழ் ‘ஸ’) தானாக எழும் காந்தாரமோ சுமார் 386-இல் நிற்கிறது. தினமும் தம்புராவோடு பாடும் குழந்தையின் காதுக்கு இந்த 14 சென்ட் தெரியும். தெரிய வேண்டும், அதற்குத்தானே வகுப்புக்கு அனுப்புகிறோம்! தோடி ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. அதை ஒரு கீபோர்டு கட்டையாகக் காட்டி ‘கர்நாடக சங்கீதத்துக்கும் ஏற்றது’ என்று விற்பதுதான் எனக்குப் பல வருடக் கோபம்.

கீபோர்டோ மேற்கத்திய வயலினோ கற்று கிரேடு தேர்வு எழுதுகிறவர்களுக்கு இவை நன்றாகவே உதவும். அவர்களும் முதலில் குனூ சோல்ஃபெஜ் போன்ற இலவச மென்பொருளைப் பழகிப் பார்க்கலாம். உங்கள் மகளுக்கு என்றால் இரண்டைப் பாருங்கள்: அவள் பாடும் 5 கட்டைக்கு (அவளுடைய ‘ஸ’ நிற்கும் உயரம்) சுருதியை மாற்ற முடிகிறதா? அவள் பாடுவதைக் கேட்டுத் திருத்துகிறதா, அல்லது விடையைத் தொடச் சொல்வதோடு சரியா? இரண்டும் இல்லையென்றால் இலவசத் தம்புராச் செயலியே போதும். பாட்டு டீச்சரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

‘வாழ்நாள் உரிமம்’ என்று ரூ.6,000-க்கு இசை மென்பொருள் வாங்கினேன். கம்ப்யூட்டர் மாற்றியதும் உரிம எண் வேலை செய்யவில்லை. பில் வாங்கவில்லை. - திருவாரூர்

ஆறாயிரம் ரூபாய்க்குப் பில் கேட்கக் கூடவா நேரமில்லை? இதே பேச்சை நம்பி நானும் ஒன்று வாங்கினேன்; ஹார்டு டிஸ்க் போனதும் கடைக்காரர் கைவிரித்தார். பில் இருந்ததால் பணம் திரும்பி வந்தது. நீங்கள் யூபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவையும் கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

குரு இல்லாமல் செயலியை வைத்தே பாட்டுக் கற்கலாமா? - மயிலாடுதுறை

முடியாது. சீர்காழி அரசு இசைப்பள்ளியில் விசாரியுங்கள்.

நாகஸ்வரம் பழகுகிறேன். ட்யூனர் (சுருதி காட்டும்) செயலி பல ஸ்வரங்களைத் தவறு என்கிறது. சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை) மாற்ற வேண்டுமா? - ஆடுதுறை

செயலி சொல்கிறது என்பதற்காகச் சீவாளி வாங்காதீர்கள். நாகஸ்வரத்தில் ஸ்வரம் மூச்சிலும் உதட்டிலும் பாதி மூடிய விரலிலும் பிறக்கிறது. ட்யூனரை ஆதார ஸட்ஜம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ஒத்து (சுருதி மட்டும் ஊதும் துணைக் குழல்) தரும் சுருதியோடு ஊதி உங்கள் வாத்தியாரிடம் காட்டுங்கள்.