ஓசூரில் வீட்டுச் சாப்பாடு டெலிவரி ஆரம்பிக்க நினைக்கிறேன், ஒரு சாப்பாட்டுக்கு என்ன விலை வைப்பது?

பக்கத்து மெஸ் விலையைப் பார்த்து பத்து ரூபாய் குறைத்து வைக்காதீர்கள், பெரும்பாலானவர்கள் கை சுட்டுக்கொள்வது அங்கேதான்.

முதலில் உங்கள் செலவை எழுதுங்கள். உதாரணத்துக்கு அரிசி, பருப்பு, காய், எண்ணெய் 35 ரூபாய், கேஸ் 5, பேக்கிங் 6, கொண்டுபோய்க் கொடுக்க 9, ஆக 55. அப்புறம் உங்கள் உழைப்பு. நான்கு மணி நேரத்தில் 25 சாப்பாடு செய்கிறீர்கள், மணிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு சாப்பாட்டுக்கு 16. மொத்தம் 71 வந்துவிட்டது, மிஞ்சிப்போகும் சோற்றையும் ஏறி இறங்கும் தக்காளி விலையையும் சேர்த்துப் பார்த்தால் 85க்குக் குறைவாக விற்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. வீட்டு வேலைதானே என்று தன் கூலியை விட்டுவிடும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அடிப்படைப் பதிவு கட்டாயம், அவர்களுடைய ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். வீட்டு சிலிண்டரில் வியாபாரச் சமையல் செய்யக்கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் விலையைத்தான் கணக்கில் போட வேண்டும். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கு 2019லிருந்தே தமிழ்நாட்டில் தடை, அதனால் வாழை இலையோ டிபன் கேரியரோ.

சிப்காட் பக்கம் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களிடம் மாதச் சந்தா முன்பணமாக வாங்குங்கள், தினம் எத்தனை பேருக்குச் சமைப்பது என்பது தெரிந்துவிடும். வாரம் ஒருநாள் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வையுங்கள், நம்ம ஊர்க்காரர்கள் அதற்காகவே சேருவார்கள்.