கட்சி நன்கொடைக்கு ரசீது இருக்கிறது. பணமும் திரும்பி வந்துவிட்டது

கேள்வி: மேலூர் அருகே அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். 2023-24 நிதியாண்டில் மைத்துனர் அறிமுகப்படுத்திய வரி ஏஜென்ட் சொன்னபடி, ஒரு சிறிய கட்சிக்கு 1,50,000 ரூபாயை வங்கி மூலம் அனுப்பினேன். 5 சதவீதம் கமிஷன் போக மீதி ரொக்கமாகத் திரும்பி வந்தது. வருமான வரிச் சட்டத்தில் கட்சி நன்கொடைக்கு உள்ள 80ஜிஜிசி கழிவு காட்டி ரீஃபண்டும் வாங்கிவிட்டேன். இப்போது, கழிவைச் சரிபார்க்கச் சொல்லி வருமான வரித்துறையிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. கட்சியைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாம். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. எங்கள் பள்ளியில் பலர் இதையே செய்திருக்கிறார்கள். போலீசில் புகார் கொடுக்கலாமா? இல்லை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா?

பதில்: மைத்துனரின் அறிமுகம், ஏஜென்ட்டின் துரோகம், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் செய்தது, இவை எதுவும் உங்களுக்கு உதவாது. சட்டம் கேட்பது ஒன்றுதான்: பணம் திரும்பி வந்ததா? வந்தது. அப்படியானால் அது நன்கொடை இல்லை.

கட்சி நீக்கப்பட்டதை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் 334, செப்டம்பரில் 474 என்று ஆணையம் கட்சிகளை நீக்கியது. நீங்கள் பணம் அனுப்பிய நாளில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி கட்சிக்குப் பதிவு இருந்திருந்தால், பின்னால் நீக்கியதற்காக மட்டும் கழிவு போகாது. ரசீதையும் வங்கிப் பரிமாற்றத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். பணம் போனதற்குத்தான் அவை சாட்சி, அங்கேயே தங்கியதற்கு இல்லை.

கட்சிகளின் தேர்தல் செலவுக்கு அரசு பணம் கொடுக்கும் முறை நம் நாட்டில் இல்லை. ஓரளவு பொருளாகவாவது தரலாம் என்று இந்திரஜித் குப்தா குழு 1998ல் சொன்னது, அதோடு சரி. ஆனால் முழுக் கழிவு கொடுக்கும்போது நன்கொடையில் ஒரு பங்கை அரசு கஜானாதான் சுமக்கிறது. 30 சதவீத வரம்பில் உங்களுக்கு மிச்சமானது செஸ் சேர்த்து 46,800 ரூபாய். அது ஊர்ப் பணம். எந்த அதிகாரியும் இதில் இரக்கம் காட்ட மாட்டார்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்கள் விழுந்த குழி இதற்கு அப்புறம்தான் வருகிறது. பயத்தில், "நன்கொடை உண்மையானதுதான்" என்று பதில் எழுதிவிடுவார்கள். ஏஜென்டே ஒரு வாசகம் தயாரித்துக் கொடுப்பார், இருபது பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போடுவார்கள். சிலர் முன்தேதியிட்டு கட்சிக் கடிதம்கூட வாங்குவார்கள். அதுவரை வரிப் பிரச்சினையாக இருந்தது, அந்தக் கடிதத்தோடு போலி ஆவண வழக்காகிவிடும். ஏஜென்ட் பிடிபட்டால் அவருடைய வாட்ஸ்அப்பே உங்களுக்கு எதிரான சாட்சி. ரொக்கத்தை அடுத்த வாரமே வங்கியில் போட்டிருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

நீங்கள் அரசு ஊழியர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி நீங்கள் அரசியல் இயக்கத்துக்குப் பணம் கொடுக்கவே கூடாது. நன்கொடை உண்மை என்று சாதித்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றச்சாட்டு மெமோவுக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்ததாகும். பொய் என்றால் வரி ஏய்ப்பு. இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது.

அதனால்தான் போலீஸ் புகார் வேண்டாம் என்கிறேன். "பணத்தைத் திருப்பி வாங்கினேன்" என்று எழுதாமல் அந்தப் புகாரை எழுதவே முடியாது. ரிட் அதைவிட மோசம், அதையே பிரமாணப் பத்திரத்தில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். பீபிகுளம் வருமான வரி அலுவலகத்தில் ஆள் தெரியும் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்று விசாரணை பெரும்பாலும் அதிகாரி யார் என்றே தெரியாத, ஆன்லைன் வழியான முகமற்ற முறையில் நடக்கிறது. உங்கள் கோப்பு எந்த ஊரில் இருக்கும் என்று அவருக்கும் தெரியாது.

வரியைக் கட்டிவிடுங்கள். உங்களுக்கு வந்திருப்பது மெசேஜ்தான், நோட்டீஸ் இல்லை. நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், பழைய ரிட்டர்னைத் திருத்திக் கூடுதல் வரியோடு போடும் ஐடிஆர்-யூ போடுங்கள். உங்கள் ஆண்டுக்குக் கூடுதல் வரிக் கணக்கு 2025 ஏப்ரல் 1ல் தொடங்குகிறது: முதல் 12 மாதம் 25 சதவீதம், அடுத்த 12 மாதம் 50, அதற்குப் பிறகு 60, 70. ஐம்பது சதவீதக் கட்டத்தில் கட்டினாலும் 46,800, அதற்கு வட்டி, இரண்டும் சேர்ந்த தொகையில் பாதி, அவ்வளவுதான். அதிகாரி தானாகக் கண்டுபிடித்து, தவறான தகவல் கொடுத்ததாக முடிவு செய்தால் அபராதம் மட்டும் 200 சதவீதம், அதாவது 93,600. வரியும் வட்டியும் தனி. வழக்குத் தொடரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒரு ஆண்டுக்கு ஒரு ஐடிஆர்-யூதான் போட முடியும். அதே ஏஜென்ட் கட்டாத வாடகை, இல்லாத மாற்றுத்திறனாளிக் கழிவு என்று வேறு எதையாவது சேர்த்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். சம்பளம் தருபவர் கொடுக்கும் படிவம் 16ல் இல்லாமல் ரிட்டர்னில் மட்டும் முளைத்திருக்கும் ஒவ்வொரு கழிவையும் சந்தேகப்படுங்கள். இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.

கமிஷன் 7,500 ரூபாயை ஏஜென்ட் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்கு வழக்குப் போட்டால் வக்கீல் ஃபீஸே அதைத் தாண்டிவிடும். இன்று இரவே வருமான வரி போர்ட்டலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பதிவாகியிருக்கும் மொபைல் எண்ணும் ஈமெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பல பேருக்கு அங்கே ஏஜென்ட்டின் ஈமெயில்தான் இருக்கும், நோட்டீஸ் வந்து காலக்கெடு முடிந்த பிறகுதான் விஷயமே தெரியவரும்.