38 சதவீதப் படத்துக்கு அழலாமா?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன மாதம் டர்பன் சன்கோஸ்ட் தியேட்டரில் ஒரு தமிழ்ப் படம் பார்த்தேன். (பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.) எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மாக்காரி ஸ்டேஷனுக்கு வருகிற இடத்தில் அழுதேவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால், மகன் வயிற்றுப் பேரன் போனில் ராட்டன் டொமேட்டோஸ் என்கிற விமர்சனத் தளத்தை எடுத்துக் காட்டுகிறான். 38 சதவீதமாம். “ஆயா, குப்பைப் படத்துக்குப் போய் அழுதிருக்கீங்க” என்கிறான், வீடே சிரிக்கிறது. இந்த விமர்சகர்கள் எல்லாம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள்தானே? ஜனங்கள் ரசிக்கிற படத்தைக் குறை சொல்ல இவர்கள் யார்? சென்னையில் கோடி கோடியாக வசூலாம். நீங்கள் நாலு வார்த்தை எழுதுங்கள், வெட்டிப் பேரனிடம் காட்டுகிறேன். இரண்டாம் பாகமும் வருகிறதாம். போகலாமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, முழுசாகப் படித்துவிட்டு வெட்டுங்கள். பாதி உங்களுக்கு ஒத்துவராது.

படத்தின் பெயரை நான் அச்சிடவில்லை. அச்சிட்டால் அந்த நடிகரின் ரசிகர்களுக்குப் பதில் எழுதியே அடுத்த இதழ் தீர்ந்துவிடும். ஆனால் படத்தை நானும் பார்த்தேன்.

முதலில் பேரனின் கணக்கு. 38 சதவீதம் என்றால் நூற்றுக்கு 38 மார்க், அதாவது ஃபெயில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் மட்டுமல்ல, பாதி உலகம் அப்படித்தான் நினைக்கிறது. அது மார்க் இல்லை, தலை எண்ணிக்கை. விமர்சனம் எழுதியவர்களில் எத்தனை பேர் ‘பார்க்கலாம்’ பக்கம், எத்தனை பேர் ‘வேண்டாம்’ பக்கம் என்று பிரித்து எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். 60-ஐத் தொட்டால் சிவப்புத் தக்காளி. தொடாவிட்டால் பச்சையாக ஒரு சிதறல். பத்துப் பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டே “ஏதோ பரவாயில்லை” என்று எழுதினால் அந்தப் படம் 100 சதவீதம். ஐந்து பேர் தலையில் தூக்கி வைத்து ஆடி, ஐந்து பேர் கீழே போட்டு மிதித்தால் 50. இரண்டில் எந்தப் படத்தைப் பற்றி வீட்டுக்கு வந்தும் சண்டை போடுவோம்? பேரனையே கேளுங்கள். உங்கள் படத்துக்கு 38 என்றால், எழுதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உங்கள் கட்சி. அவர்களில் ஒருவர் எழுதியதையாவது பையன் திறந்து படித்தானா?

மார்க் என்றால் அது ஆனந்த விகடன் போட்ட மார்க். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு அவர்கள் போட்டது 62.5. அதைவிட அதிகம் யாருக்கும் கொடுக்கவில்லை என்று இன்றுவரை ரசிகர்கள் பேசிக்கொள்கிறார்கள். நாற்பத்துச் சொச்சம் வாங்கினாலே தயாரிப்பாளர் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக் கணக்கில் பார்த்தால் தமிழ் சினிமா பெரும்பாலும் மூன்றாம் வகுப்புதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்கிறீர்கள். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள், கொடுப்பவர் யார்? கையில் காசோடு நிற்பவர் படம் எடுத்தவர். அவர் திட்டச் சொல்லியா கொடுப்பார்? விலைக்கு வாங்கியது பெரும்பாலும் புகழ்ச்சியாகத்தான் இருக்கும். வெளியான அன்றே “மாஸ்! வெறித்தனம்!” என்று கத்துகிற ஆளைச் சந்தேகப்படுங்கள். இரண்டாம் பாதி இழுவை என்று எழுதியவர் அநேகமாகத் தன் காசில் டிக்கெட் எடுத்தவர்.

‘இவர்கள் யார்’ என்பது பழைய கேள்வி. 1935-இல் ‘பக்த நந்தனார்’ வந்தது. கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று நாடே வாயைப் பிளந்தது. விகடனில் கல்கி என்ன எழுதினார் தெரியுமா? படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும்தான் என்கிற மாதிரி ஒரு கிண்டல். சுந்தராம்பாளின் குரலுக்கு உருகியவர்கள் அன்றும் உங்களைப் போலத்தான் கொதித்திருப்பார்கள். ஆனால் எருமையின் நடிப்பைக் கவனித்த கண், குரலில் மயங்கி உட்கார்ந்திருந்த நமக்கு இல்லாமல் போயிற்று. விமர்சகருக்கு அதுதான் வேலை.

விமர்சகர்கள் தப்புப் பண்ணியதும் உண்டு. 1975-இல் ‘ஷோலே’ வந்தபோது பல பத்திரிகைகள் உதட்டைப் பிதுக்கின. பம்பாய் மினர்வா தியேட்டரில் அது ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. 1980-இல் ‘தி ஷைனிங்’ எடுத்த ஸ்டான்லி குப்ரிக்கை, அந்த வருஷத்தின் மட்டமான இயக்குநர் பட்டியலில் சேர்த்து ஒரு கேலி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். இப்போது சினிமா படிக்கிற பிள்ளைகள் அதைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இந்தக் கதைகளைப் பேரனிடம் சொல்லலாம்தான். ஆனால் பையன் கெட்டிக்காரன் என்றால் திருப்பிக் கேட்பான்: “விமர்சகர்கள் திட்டி, திட்டினது சரியாகவே போய், யாருக்கும் பேர்கூட ஞாபகமில்லாத படங்கள் எத்தனை ஆயா?” அதற்கு உங்களிடம் பதில் கிடையாது. எனக்கும் கிடையாது. ஒரு ஷோலேயைக் காட்டி ஓராயிரம் படத்தைக் கரையேற்ற முடியாது.

வசூலை இழுக்காதீர்கள். நீங்கள் அழுதது ஸ்டேஷன் காட்சிக்கு. கல்லாப்பெட்டிக்கு யாரும் அழுவதில்லை, விநியோகஸ்தரைத் தவிர.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி ஒன்று: “குறை சொல்ல இவர்கள் யார்?” நம் தென்னாப்பிரிக்காவில் இந்த வரியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும். படம் பார்க்க நீ யார் என்று கேட்ட அரசாங்கத்தின் கீழ் வளர்ந்தவர்கள் நாம். 1963-இல் வந்த தணிக்கைச் சட்டப்படி, ஒரு படத்தை எந்த நிறத்தவர் பார்க்கலாம், எவர் பார்க்கக் கூடாது என்று அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். ஒரே படம், வெள்ளைக்காரனுக்குச் சரி, ஆப்பிரிக்கருக்கு ஆகாது. டெலிவிஷன் 1976 வரை நாட்டுக்குள்ளேயே வரவில்லை. கிரே ஸ்ட்ரீட் பக்கத்து அவலான், ஷாஜஹான் தியேட்டர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி பட்டுச்சேலையும் பூவுமாகப் போன தலைமுறை உங்களுடையதுதானே? அப்போது நம்மைத் தடுத்தவன் ஒருவன் இருந்தான். இப்போது 38 என்று காட்டுகிற விமர்சகர் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. நீங்கள் போனீர்கள், பார்த்தீர்கள், அழுதீர்கள். அவர் எழுதினார். இரண்டும் நடக்கட்டும்.

2024 கடைசியில் இதே கூத்து தமிழ்நாட்டில் நடந்தது. ‘கங்குவா’ வெளியாகி நாலா பக்கமும் அடி விழுந்ததும், தயாரிப்பாளர்கள் யூடியூப் விமர்சகர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்றார்கள். முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று கோர்ட்டுக்கும் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. படம் நன்றாக இருந்தால் மூன்று நாள் எதற்கு, இல்லாவிட்டால் மூன்று நாளில் என்ன மாறிவிடும்?

அதே சமயம் நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகா இன்ஸ்டாகிராமில் ஒன்று எழுதினார். முதல் அரை மணி நேரம் சரியாக வரவில்லை, சத்தம் காதைக் குத்துகிறது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டு, மீதியில் உள்ள உழைப்பைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டார். வீட்டுக்காரருக்காகப் பேசினார் என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குறையை முதலில் தானே எடுத்து வைத்தாரே, அது வாதாடத் தெரிந்தவர் செய்கிற காரியம். பிறகு “மற்ற மட்டமான படங்களை ஏன் இப்படித் திட்டவில்லை?” என்று போனார். அங்கேதான் வழுக்கிவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஃபெயில் என்றால் நம் பிள்ளை பாஸாகிவிடாது.

நீங்களும் அப்படி வாதாடிப் பாருங்கள். படம் பிடித்தது என்பதற்கு யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை, என்னிடமும் வேண்டியதில்லை. ஆனால் ‘பிடித்தது’ என்பதைத் தாண்டி ‘நல்ல படம்’ என்று சொன்ன நிமிஷமே நீங்கள் வழக்குப் போட்டுவிட்டீர்கள். வழக்கு என்றால் சாட்சி வேண்டும். உங்கள் சாட்சி திரையிலேயே இருக்கிறது. மகன் வேலைக்குக் கிளம்புகிறான். அம்மா தூக்குவாளியோடு பிளாட்பாரத்தில் தப்பான பெட்டியின் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு போகிறாள். ரயில் நகர்கிறது. மற்ற டைரக்டராக இருந்தால் இங்கே வயலினை அழவிட்டு, அவளையும் ஓடவிட்டிருப்பார். இவர் பாட்டை நிறுத்திவிட்டார். அவள் ஓடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாளியைத் திறக்கிறாள், மூடுகிறாள், முந்தானையை அவிழ்த்துச் சில்லறை எண்ணுகிறாள். பஸ்ஸுக்குப் போதுமா என்று பார்க்கிறாள் என்பது நமக்குப் புரிய ஒரு நொடி ஆகிறது. எனக்கும் அந்த நொடியில்தான் தொண்டை அடைத்தது. இதைச் சொல்லுங்கள் பேரனிடம். “ஆயா அழுதாள்” என்று சொன்னால் சிரிப்பான், “அந்தம்மா எதுக்குடா சில்லறை எண்ணினாள்?” என்று கேட்டால் படம் பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும்.

கையோடு மற்றதையும் ஒப்புக்கொண்டுவிடுங்கள். இடைவேளைக்குப் பிறகு குடோனில் எட்டுப் பேரை அடிக்கிற சண்டை பத்து நிமிஷம். கல்யாணத்துக்கு நிற்கிற தங்கச்சி என்ன ஆனாள் என்று டைரக்டருக்கே மறந்துவிட்டது. நாயகி எதற்கு வந்தாள், எதற்குப் போனாள்? இதையெல்லாம் அந்த விமர்சகர்கள் சொல்லியிருக்கிறார்கள், சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

தியேட்டருக்குப் போவதே மூணு மணி நேரம் தமிழ் காதில் விழத்தான் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனசு கனத்தது. டர்பனில் பாதி வீடுகளின் கதை அது. பேரன் கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படிக்கிறான், நீங்கள் மேலே பேசுகிறதைக் கேட்கிறீர்கள். போவதற்கு அது போதுமான காரணம். ஆனால் அதை அந்தப் படத்தின் பெருமையில் சேர்க்காதீர்கள். ஆகாத படத்திலும் தமிழ்தான் பேசுகிறார்கள்.

பேரனுக்கு ஒரே வரி: தம்பி, பார்க்காத படத்தைக் குப்பை என்று சொல்ல உனக்கு எந்த விமர்சகரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் திட்டினார்கள்.

இரண்டாம் பாகத்துக்குப் போவதாக இருந்தால், ஸ்டேஷனுக்கு வந்த அம்மா முதல் பாகத்திலேயே செத்துப்போய்விட்டாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். குடோன் ரௌடிகளில் நாலு பேர் உயிரோடு இருக்கிறார்கள்.