கட்டானாவைச் சங்கிலியால் தடுக்க முடியுமா?

லண்டனில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாலு வருஷமாகக் கராத்தே பழகுகிறாராம். அரிவாளும் சங்கிலியும் சேர்ந்த ஜப்பானிய ஆயுதம் ஒன்றை ஏதோ படத்தில் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. "கட்டானா வாளோடு வருகிறவனைச் சங்கிலியால் உண்மையிலேயே தடுக்க முடியுமா? வாளில் சங்கிலி சுற்றிக்கொண்டால் அவன் கதை முடிந்ததுதானே? ஆன்லைனில் ஒன்று ஆர்டர் போட்டு வீட்டிலேயே பழகலாமா?" என்று மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் போலீஸ் வருகிறது. ஆர்டர் போடாதீர்கள் தம்பி. நீங்கள் பார்த்த ஆயுதத்தின் பெயர் குசாரிகாமா. பிரிட்டனில் 1988-ல் போட்ட ஆயுதத் தடைப் பட்டியலிலேயே அதைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள், அரிவாள் இல்லாமல் இரண்டு முனையிலும் குண்டு வைத்த குட்டைச் சங்கிலியான மன்ரிகி-குசாரியும் அதில் உண்டு. விற்பதும் இறக்குமதி செய்வதும் அப்போதிருந்தே குற்றம், 2021 ஜூலையிலிருந்து சும்மா வீட்டு அலமாரியில் வைத்திருப்பதும் குற்றம். பழம்பொருள், அருங்காட்சியகம் என்று சில விலக்குகள் இருக்கின்றன, ஆன்லைனில் வாங்குகிற புதுச் சரக்குக்கு அது உதவாது. கனடாவில் இருக்கிற சித்தப்பாவிடம் சொல்லி வாங்கலாமே என்று யோசித்தால், அங்கேயும் மன்ரிகி-குசாரி தடை செய்யப்பட்ட ஆயுதம்தான். எதை வைத்துப் பழகுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, முதல் இரண்டு கேள்விகளுக்கு வருவோம்.

குசாரி என்றால் சங்கிலி, காமா என்றால் அரிவாள். நம் ஊர்க் கருக்கரிவாள் போல வட்டமாக வளைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், மரக் கைப்பிடியின் தலையில் அலகு ஏறக்குறையச் செங்குத்தாகத் துருத்திக்கொண்டு நிற்கும், சில போர்க்கலைப் பள்ளிகளில் அது இருபுறமும் கூரான நேர் அலகு. சங்கிலி சில வகையில் கைப்பிடியின் அடியிலிருந்தும், சில வகையில் அலகுக்குப் பக்கத்திலிருந்தும் தொடங்கும். அதன் மறுமுனையில் ஒரு இரும்புக் குண்டு. அந்தக் குண்டுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஃபுண்டோ, தராசில் போடுகிற படிக்கல்லுக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் இது. இஷ்ஷின்-ரியூ என்ற பள்ளியில் சங்கிலி 12 ஷாக்கு நீளம், அதாவது சுமார் 3.6 மீட்டர். இடது கையில் அரிவாள், வலது கையில் சுழல்கிற சங்கிலி என்பதுதான் பெரும்பாலும் பழக்கம்.

எதிரே இருக்கிற வாளையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கட்டானாவின் அலகு 2 ஷாக்குக்கு மேல், பொதுவாக 70 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், எடை ஒரு கிலோவும் கொஞ்சமும். இரண்டு கையாலும் பிடித்து, ஒரே ஒரு எட்டு எடுத்து வைத்து வெட்டுகிற தூரத்தை அவர்கள் ஒரு அளவாகவே வைத்திருக்கிறார்கள், தோராயமாக ஆறடி. அந்த ஆறடிக்குள் நீங்கள் நின்றால் அவன் ஒரு எட்டில் உங்களை வெட்டலாம், அதற்கு வெளியே நின்றால் அவன் முதலில் உள்ளே வந்தாக வேண்டும். சங்கிலி வேலை செய்வது இந்த இடத்தில்தான். வாள்காரனை ஆறடிக்கு வெளியே நிற்க வைத்து, உள்ளே வருவதா வேண்டாமா என்று அவனை யோசிக்க வைப்பதுதான் அதன் முதல் வேலை. வாளைப் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

ஒரு மீட்டர் சங்கிலியை விட்டு நொடிக்கு இரண்டு சுற்று சுழற்றினால் முனையில் இருக்கிற குண்டு மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் இரும்பு வந்து விரல் முட்டியில் பட்டால் அந்தக் கை அதற்கு மேல் வாளைப் பிடிக்காது. ஆகவே குறி வைப்பது வாளுக்கு இல்லை, வாளைப் பிடித்திருக்கிற கைக்கு, முகத்துக்கு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்கு. முகத்துக்கு வருகிற குண்டைப் பார்த்து அவன் அனிச்சையாக வாளைத் தூக்கித் தடுப்பான் பாருங்கள், அப்போதுதான் சங்கிலி வாளில் விழுந்து சுற்றும். அதாவது சுற்றிக்கொள்வது அவன் செய்த தடுப்பின் விளைவு. படங்களில் நேராக வாளைப் பார்த்து வீசிச் சுற்றவைக்கிறார்களே, வாள் என்ன கம்பமா, அசையாமல் நிற்க?

சுற்றுவது எப்படி என்றால், சங்கிலியின் நடுவில் எங்கேயோ வாள் தட்டியவுடன் அந்த இடத்துக்கு அப்பால் இருக்கிற மிச்சச் சங்கிலி வாளை மையமாக வைத்துச் சுழல ஆரம்பிக்கும், சுற்றச் சுற்ற நீளம் குறைந்து இன்னும் வேகமாகச் சுற்றும், கடைசியில் குண்டு டக்கென்று அலகில் மோதி நிற்கும். கட்டானா அலகைச் சுற்றிவர ஏழு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், அதனால் அரை மீட்டர் சங்கிலி மிச்சமிருந்தாலே ஐந்தாறு சுற்று விழும். வாள் சங்கிலியை வெட்டிவிடாதா என்று கேட்பீர்கள். தொங்குகிற சங்கிலி வெட்டு விழுந்தால் விலகிப் போகும், வெட்டுக்கு நின்று கொடுக்காது. வாளின் வெட்டு விளிம்பு அவ்வளவு கடினமாகப் பதம் ஏற்றப்பட்டிருப்பதால் இரும்பு வளையத்தில் மோதினால் அதுதான் சில்லு சில்லாகத் தெறிக்கும், எந்த வாள்காரனும் அதை விரும்பமாட்டான்.

ஆனால் நீங்கள் கேட்ட "அவன் கதை முடிந்ததுதானே" என்பதில்தான் ஆள் செத்துப்போவான், அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

மெருகு போட்ட, லேசாக வளைந்த, நுனி நோக்கிக் குறுகுகிற ஒரு பொருளில் சங்கிலி சுற்றியிருக்கிறது. நுனிப் பக்கம் சுற்றியிருந்தால் அவன் வாளைப் பின்னால் உருவினாலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கைக்காப்புக்குப் பக்கத்தில், முடிந்தால் மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றினால்தான் பிடி. அதுவும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், இப்போது நீங்கள் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுத்தால் என்ன ஆகும்? அவன் எதிர்த்து இழுக்க மாட்டான், நீங்கள் இழுக்கிற பக்கமே ஓடி வருவான். சங்கிலி தொய்ந்துவிடும், வாளின் நுனி உங்களைப் பார்த்தபடி இருக்கும், சுற்றப்பட்ட வாளால் வெட்டத்தான் முடியாது, குத்துவதற்கு ஒரு தடையும் இல்லை. இதைப் புதிதாகப் பழகுகிறவர்கள் ஒருவர் விடாமல் மறக்கிறார்கள், நானும் மறந்து மரவாளால் நெஞ்சில் குத்து வாங்கியிருக்கிறேன். செய்ய வேண்டியது, சங்கிலியை விறைப்பாகவே வைத்து, வாளின் நுனி உங்கள் உடம்பைவிட்டு விலகுகிற மாதிரி பக்கவாட்டில் நடந்தபடி, சங்கிலியைக் கையில் வாரிக்கொண்டே நீங்கள் அவனிடம் போவது. போய்ச் சேர்ந்ததும் இடது கை அரிவாள் மணிக்கட்டிலோ கழுத்திலோ வேலையை முடிக்கும். அரிவாள் எதற்கு இருக்கிறது என்பது இப்போது புரியும். வெறும் நீளச் சங்கிலியோடு வாளைப் பிடித்தவன், புலிவாலைப் பிடித்தவன் கதைதான்.

இதற்கும் பதில் வாள்காரனிடம் உண்டு. சாமுராயின் இடுப்பில் வாகிசாஷி என்று இரண்டாவதாக ஒரு குட்டை வாள் இருக்கும். பெரிய வாளைச் சங்கிலிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு அதை உருவினால் போதும். பேர்போன ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. ஜப்பானின் இகா பகுதியில் ஷிஷிதோ என்ற குசாரிகாமா வல்லுநரோடு முசாஷி மோதியபோது, அவர் சங்கிலியைச் சுழற்றிக்கொண்டிருக்கையிலேயே முசாஷி தன் குட்டை வாளை உருவி வீசி நெஞ்சில் பாய்ச்சிவிட்டாராம். இது எழுதப்பட்டிருப்பது 1776-ல் தொகுத்த நிதென்கி என்ற நூலில், முசாஷி இறந்ததோ 1645-ல். இடையில் 130 வருஷம். அதனால் அப்படியே நடந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஷிஷிதோ பைக்கன் என்று முழுப் பெயர் சொல்கிறார்களே, அந்தப் பைக்கன் 20-ம் நூற்றாண்டு நாவல் ஒன்று கொடுத்தது. கதை உண்மையோ பொய்யோ, அதைச் சொன்னவனுக்குச் சங்கிலியின் பலவீனம் தெரிந்திருக்கிறது. சுழற்றுகிறவனின் ஒரு கை முழுக்கச் சுழற்றுவதிலேயே மாட்டியிருக்கும், கண்ணும் கணக்கும் தூரத்தில் இருக்கும், திடீரென்று ஏதாவது வந்தால் தட்டிவிட நேரம் இருக்காது.

இன்னொரு பலவீனம், வீசிய சங்கிலி குறி தவறினால் அதைத் திரும்ப இழுத்துச் சுழற்சிக்குக் கொண்டுவருவதற்குள் வாள்காரன் தன் ஒரு எட்டை வைத்துவிடுவான். அனுபவப்பட்ட வாள்காரன் இதற்காகவே பொய்யாக ஒரு எட்டு வைத்து உங்களை வீசவைப்பான். அதனால்தான் தலைக்கு மேல் விர்விர்ரென்று சுற்றுவது. எப்போது விடப்போகிறோம் என்பது அவனுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான், பயமுறுத்துவதற்கு இல்லை. அப்புறம் இடம். தாழ்ந்த கூரை, தூண், மரக்கிளை, பக்கத்தில் நம் ஆள் ஒருவன், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே நீளச் சங்கிலி வீண்.

நெருக்கமான இடத்துக்கு வேறு சங்கிலி இருந்தது. மன்ரிகி-குசாரி, பத்தாயிரம் பேர் பலம் கொண்ட சங்கிலி என்று அர்த்தம், பெயர்தான் பெரிது, ஆளைப் பார்த்தால் இரண்டு மூன்று அடிதான், இரண்டு முனையிலும் குண்டு, உள்ளங்கையில் சுருட்டி மறைத்துவிடலாம். ஓகாகி அரசைச் சேர்ந்த மசாகி தோஷிமிட்சு இதை ஒரு பள்ளியாகவே வளர்த்தார், மசாகி-ரியூ என்று பெயர். எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, கோட்டை வாசலில் காவல் இருந்தவர், அந்த வாசலில் ரத்தம் சிந்தக்கூடாது என்பதால் வெட்டாத ஆயுதம் ஒன்றைத் தேடினார் என்பது அந்தப் பள்ளியின் மரபுக் கதை.

இந்தக் குட்டைச் சங்கிலியை இரண்டு கையிலும் விறைப்பாகப் பிடித்து, தலைக்கு மேல் வருகிற வெட்டை நேராக ஏந்துகிற படங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். முழு வேகத்தில் வருகிற வாள் சங்கிலியின் நடுவில் விழுந்தால் அது தொய்ந்து, சங்கிலியோடு சேர்ந்து வாளும் உங்கள் மண்டைக்கு வரும். வாளின் வேகமெல்லாம் நுனிப் பக்கம் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது, கைப்பிடிப் பக்கம் மெதுவாகத்தான் நகரும். அதனால் அவன் கை மேலே இருக்கும்போதே, வெட்டு இறங்குவதற்கு முன், நேர்கோட்டைவிட்டு ஒதுங்கி உள்ளே புகுந்து அவன் முன்கையையோ மணிக்கட்டையோ சங்கிலியால் ஏந்திக் கட்ட வேண்டும். அரை நொடி தாமதித்தால் நீங்கள் இல்லை. அதற்கும் முன்னால், ஒரு முனைக் குண்டை அவன் முகத்துக்கு வீசி ஒரு கண் சிமிட்டலாவது சம்பாதித்திருந்தால் நல்லது.

இவ்வளவு படித்த பிறகு, வாள் பிடித்த ஆட்களைத் தினசரி மடக்க வேண்டியிருந்த எடோ காலக் (1603–1868) காவலர்கள் என்ன வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். கவைக்கோல் மாதிரி சாசுமாட்டா, சட்டைக் கையில் முள்ளாக மாட்டுகிற நீளக் கழி, ஏணிகள், இதோடு நாலைந்து பேர் சேர்ந்து சுற்றி வளைத்தார்கள். தனி ஆள் சங்கிலியோடு போய் நின்று ஜெயிப்பதை அவர்கள் நம்பவில்லை. சாசுமாட்டா இன்றும் ஜப்பானியப் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது, கத்தியோடு யாராவது நுழைந்தால் ஆசிரியர்கள் தள்ளி நிறுத்த. லண்டன் தெருவில் உங்களுக்கு அப்படி ஒரு ஆள் எதிரே வந்தால், ஓடிவிட்டு 999-ஐ அழையுங்கள். உங்கள் கேள்வி அதைப் பற்றியது இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பழகுவதற்கு வருவோம். குசாரிகாமாவை மட்டும் தனியாகச் சொல்லித்தருகிற இடம் கிடைப்பது கஷ்டம், அது வேறு கலைகளோடு ஒட்டிக்கொண்டு பிழைத்த கலை. ஷிந்தோ முசோ-ரியூ என்ற தடிக் கலையோடு இஷ்ஷின்-ரியூ குசாரிகாமா வருகிறது, தெந்தோ-ரியூ போன்ற நகினாதா (நீளக் கம்பில் வளைந்த அலகு வைத்த ஆயுதம்) பள்ளிகளிலும் உண்டு. பிரிட்டனில் ஜோதோ, அதாவது இந்தத் தடிக் கலை, பழகுகிற குழுக்கள் இருக்கின்றன, அங்கே போய் 128 சென்டிமீட்டர் தடியில் தொடங்குங்கள். சங்கிலிக்கு வர வருஷக்கணக்கில் ஆகும், வாத்தியாரை அவசரப்படுத்தாதீர்கள். அங்கே சோடிப் பயிற்சியில் வாள் பிடிப்பவர் மரபுப்படி மூத்தவர், ஏனென்றால் எந்தத் தூரத்தில் எப்போது வெட்ட வேண்டும் என்பதை அவர்தான் கட்டுப்படுத்துகிறார். பழகுகிறவருக்குக் கிடைப்பது மரவாளும், மர அரிவாளும், கயிறும், மெத்தென்ற குண்டும்தான். இரும்பு கிடையாது.

வீட்டில் செய்து பார்க்க ஆசையாக இருந்தால், மூன்று மீட்டர் பருத்திக் கயிறு, நைலான் வேண்டாம் கையைச் சுடும், முனையில் பழைய சாக்ஸுக்குள் ஒரு டென்னிஸ் பந்து. திறந்த வெளிக்குப் போங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முதல் மாதம் பக்கவாட்டில் சுழற்றுவது, எட்டு வடிவம், தலைக்கு மேல், பிறகு ஓடுகிற சுழற்சியை நிறுத்தாமல் கயிற்றைக் கையில் வாங்கி நீளம் குறைப்பது, இவ்வளவு போதும். குறைப்பதுதான் கஷ்டம், பந்து உங்கள் காதுக்கோ முழங்காலுக்கோ வந்தே தீரும். அது பழகிய பிறகு ஒரு துடைப்பக் கட்டையை நாற்காலியில் சாய்வாகக் கட்டி, அதன் அடிப்பகுதியில் கயிறு விழுகிற மாதிரி வீசிப் பாருங்கள். இருபதுக்கு எத்தனை முறை அடியில் விழுகிறது, எத்தனை முறை நுனியில் விழுந்து வழுக்குகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். கட்டை அசையாமல் நிற்கும்போதே அந்த எண்ணிக்கை என்ன வருகிறது என்று பார்ப்போம்.